ரேடியோ தவணையும் நான் கட்டிய அபராதமும்

பணம் இல்லாமல் கெடு தவறுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், மன்னித்துவிடலாம். பணம் இருந்தும் கொடுக்க மனசு வராமல் தவறுகிறவர்களும் உண்டு. அவர்களைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். நான் மூன்றாவது ரகம். (இந்த ரகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாக இதுவரை தகவல் இல்லை.) சட்டைப்பையில் பணத்தை வைத்துக்கொண்டு, கொடுக்க மனசும் இருந்து, அபராதம் விழட்டும் என்பதற்காகவே மாதாமாதம் நாள் தள்ளிக் கட்டியவன். அபராதத்தைக் குறைக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டபோது, ஊரே சந்தோஷப்பட, அந்த உத்தரவை மூன்று வாரம் பழைய கோப்புகளுக்கு அடியில் ஒளித்து வைத்தவனும் நானே.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. காரைக்குடியில் ரெவின்யூ ஆபீசில் கிளார்க் வேலை, இன்னும் புரொபேஷன் முடியவில்லை. சொந்த ஊர் சிவகங்கைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம் ஆகாது, ஆனாலும் நான் போவதில்லை. அம்மா செத்த பிறகு அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். சின்னம்மாவைக் குறை சொல்ல முடியாது. போனால் சோறு போடுவார். போட்டுவிட்டு, "எப்ப கெளம்புறே?" என்று கேட்பார். அவர் சாதாரணமாகத்தான் கேட்பார். எனக்குத்தான் அதற்கப்புறம் சோறு இறங்காது.

நான் குடியிருந்தது ஒரு செட்டியார் வீடு. குடியிருந்தேன் என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. வீட்டுக்காரர்கள் மெட்ராசில் இருந்தார்கள், கல்யாணம் காதுகுத்து என்றால்தான் வந்து திறப்பார்கள். வாசலை ஒட்டியிருந்த ஓர் அறையை மட்டும் எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். காவல்காரர் பின்தெருப் பக்கம் இருந்தார். முன்தெருவிலிருந்து பின்தெருவுக்கு ஒரே வீடு என்பதால் அவரும் நானும் அண்டை ஊர்க்காரர்கள் மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் வீட்டுக் கதவுகளை எண்ணினேன். எழுபத்துநாலு வரைக்கும் வந்தது, அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அத்தனை கதவு இருந்தும் தட்டுவதற்கு ஓர் ஆள் கிடையாது.

ஆபீசில் எல்லோரும் குடும்பஸ்தர்கள். ஐந்து மணி அடித்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மெஸ்ஸில் யாரிடமாவது பேச்சுக் கொடுக்கலாம் என்றால், பரிமாறுகிறவர், "பின்னால ஆள் நிக்கிறாக, சாப்பிட்டு எந்திரிங்க" என்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசை விட்டுக் கிளம்பினால் திங்கட்கிழமை காலையில்தான் மறுபடி என் குரலை நானே கேட்பேன். திங்கட்கிழமை முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டுதான் வெளியே வரும். பியூன் அழகர், "என்ன சார், சளியா?" என்று கேட்பான். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

இதற்கு மருந்தாகத்தான் ரேடியோ வாங்கினேன். கடைவீதியில் ஒரு தவணைக் கடை இருந்தது. கடிகாரம், ஃபேன், எவர்சில்வர் பாத்திரம், ரேடியோ எல்லாம் மாதத் தவணைக்குக் கொடுப்பார்கள். முன்பணம் கட்டினால் ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள். மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் பத்து ரூபாய் கட்டவேண்டும், தவறினால் அபராதம். ரேடியோவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தேன். அப்புறம்தான் அதில் உள்ள குறை தெரிந்தது. அது ஓயாமல் பேசுகிறது, நாம் சொல்வதைக் கேட்பதில்லை. வெளியூர்ச் செய்திக்கெல்லாம், "அப்படியா?" என்று பதில் சொல்லிப் பார்த்தேன். ரேடியோ அடுத்த செய்திக்குப் போய்விட்டது.

முதல் மாதம் நிஜமாகவே மறந்து தேதியைத் தவறவிட்டேன். எட்டாம் தேதி சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. திறந்தால் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, கக்கத்தில் தோல் பை.

"ரேடியோ சாரு நீங்கதேனே? தவணைக் கடையில இருந்து வாரேன். பேரு சுப்பையா. கெடு முடிஞ்சு மூணு நாளாச்சு. ரெண்டு ரூவா அவராதம்."

பன்னிரண்டு ரூபாயைக் கொடுத்தேன். அட்டையில் எழுதினார். "அஞ்சு நிமிசம் உக்காந்துட்டுப் போறேன் சார், வெயிலு" என்றார். உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் இருந்தார்.

என்ன பேசினார் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும், யார் வீட்டு ஃபேன் சுத்தாமலே தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, இதுதான். நடுவில் என்னிடமும் கேட்டார். எந்த ஊரு, என்ன சாப்பாடு, ஏன் மெலிஞ்சு இருக்கீக. மூன்றாவது கேள்விக்கு ரேடியோவைத் திருகப் போய்விட்டேன். அவர் போன பிறகு அறையில் பீடி வாசனை இருந்தது. எனக்குப் பீடி நாற்றம் ஆகாது. அன்றைக்கு ஜன்னலைத் திறக்காமலே படுத்தேன்.

அடுத்த மாதம் மூன்றாம் தேதியே சம்பளம் கைக்கு வந்துவிட்டது. கடை வழியாகத்தான் நடந்து வந்தேன். பத்து ரூபாய் நோட்டு பையில் இருக்கிறது. கடையைத் தாண்டி எதிர்ப்பக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன். (கடன்காரனைக் கண்டு ஒளிகிறவன் கதையைக் கேட்டிருப்பீர்கள், அவன் வீட்டுக்கு வரவேண்டுமே என்று ஒளிந்தவன் நான்.) எட்டாம் தேதி சுப்பையா வந்துவிட்டார். கையில் இலையில் மடித்த பக்கோடா. "வழியில சுடச்சுடப் போட்டுக்கிட்டு இருந்தான் சார்" என்றார்.

அதற்கப்புறம் நான் அந்தக் கலையில் தேர்ந்துவிட்டேன். முதல் தடவை அவர் வந்தால், "சம்பளம் இன்னும் வரலண்ணே" என்பேன். நாலு நாள் கழித்து மறுபடி வருவார், ஐந்து ரூபாய் கொடுப்பேன். மீதி ஐந்துக்கு இன்னொரு நாள். அபராதம் ஏறிக்கொண்டே போகும், கவலையில்லை. மாதத்துக்கு மூன்று சாயங்காலம் எனக்கு உறுதி. அந்த மூன்று நாளும் அறையைக் கூட்டி, போர்வையை உதறி மடித்து, பக்கத்துக் கடையில் சொல்லி டீயும் வைத்திருப்பேன். பணம் கட்ட வக்கில்லாதவன் வீட்டில் இவ்வளவு உபசாரம் எதற்கு என்று அவரும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

சுப்பையா வீட்டுக் கதையும் ஒருநாள் வெளியே வந்தது. அவர் சம்சாரம் இரண்டு வருஷமாக நாட்டரசன்கோட்டையில் பிறந்த வீட்டில் இருந்தார். காரணம் ஒரு சுவர்க்கடிகாரம். மாமனார் அதை இதே கடையில் தவணைக்கு வாங்கியிருக்கிறார். ஒரு மாதம் நாள் தவறிவிட்டது. மருமகன் நேரே போய் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, மாமனார் அட்டையில் இரண்டு ரூபாய் அபராதம் எழுதியிருக்கிறார்.

"நீங்க எழுதாம விட்டிருக்கலாமேண்ணே" என்றேன்.

"அதெப்படி சார்? ஊருக்கு ஒண்ணு, மாமனாருக்கு ஒண்ணா? எழுதுனது தப்பில்ல. அவுக போட்ட கறிக்கொழம்ப நல்லாருக்குன்னு சொல்லிட்டு எழுதியிருக்கணும், அத மறந்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, இருட்டிய பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கும் போக வீடில்லை என்று எனக்குப் புரிந்தது.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. என் வாழ்க்கையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் மேலே இருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது.

தவணைக் கடைகளும் அடகுக் கடைகளும் கெடு தவறியதற்கு ஜனங்களிடம் கண்டபடி அபராதம் வாங்குகிறார்களாம். இனிமேல் அரசு வைத்த வரம்புக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஒரு தவணைக்கு ஒரு தடவைதான் அபராதம். ஆள் வீடு தேடி வருகிற செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. விவரத்தைக் கடை வாசலில் போர்டு எழுதி மாட்டவேண்டும். ஏற்கெனவே அதிகம் வாங்கியிருந்தால் விசாரித்துத் திருப்பிக் கொடுக்க வைக்கவேண்டும்.

நியாயமான உத்தரவு. ஏழை பாழைகளுக்கு ரொம்ப உபகாரம். ஆனால் என் கண் வீடு தேடி வருகிற வரியிலேயே நின்றது. வீட்டுக்கு ஆள் அனுப்பிக் காசு பார்க்க முடியாது என்றால் கடைக்காரர் எதற்கு ஆள் அனுப்புவார்? என்னைக் கெடுப்பதற்காகவே மெட்ராஸ் கோட்டையில் யாரோ உட்கார்ந்து எழுதியதாக எனக்குத் தோன்றியது.

எங்கள் டெபுடி தாசில்தார் கண்டிப்பானவர். கோப்பை என்னிடம் கொடுத்து, "உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீயே எல்லாக் கடைக்கும் நோட்டீஸ் எழுதிக் குடு. இந்த வாரமே போகணும்" என்றார். சரி சார் என்று சொல்லிக் கோப்பை வாங்கிவந்து, நிலத்தீர்வைக் கோப்புகளுக்கு அடியில் சொருகினேன். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. நாள் தவறினால் விதிக்கும் அபராதத்தைப் பற்றிய கோப்பையே நாள் தவறவிட்டேன். மூன்றாவது வாரம் சிவகங்கை மேலாபீசிலிருந்து ஞாபகக் கடிதம் வந்தது. டெபுடி தாசில்தார் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். தாமதத்துக்கு விளக்கம் தரவும் என்று. உடல்நிலை சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மனநிலை என்று எழுதுவதற்கு அதில் இடம் இல்லை.

நோட்டீஸ் கொடுக்கத் தவணைக் கடைக்கு நானே போனேன். முதலாளி செட்டியார் அதை இரண்டு தடவை படித்தார்.

"சரி, அரசாங்கம் சொன்னாச் செய்ய வேண்டியதுதானே. இனிமே வீட்டு வசூல நிப்பாட்டிரலாம். கட்டுறவுக கடைக்கு வந்து கட்டட்டும்" என்றார்.

"அப்ப சுப்பையா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவனை உங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுரு மாதிரி மூன்று தடவை மறுதலிக்கக்கூட அவகாசம் இல்லை, ஒரு தடவையிலேயே முடித்துவிட்டேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆபீஸ் ஹாலில் விசாரணை வைத்தார்கள். கடைக்காரர்கள் பேரேட்டோடு வரவேண்டும். வாடிக்கையாளர்கள் தங்கள் அட்டைகளை முன்கூட்டியே ஆபீசில் கொடுத்துவிடவேண்டும். டெபுடி தாசில்தார் அட்டையைப் படிப்பார், கடைக்காரர் பேரேட்டைப் பார்த்துச் சொல்வார், நான் பதிவேட்டில் எழுதவேண்டும். ஹாலில் கூட்டம் நெரிந்தது. தவணைக் கடைச் செட்டியாருக்குப் பின்னால், தூணை ஒட்டி சுப்பையா நின்றார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். நான் பேனாவுக்கு மை போடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அட்டையெல்லாம் எங்கய்யா?" என்றார் டெபுடி தாசில்தார்.

"அழகரு, என் மேசை டிராயர்ல இருக்கிற மஞ்சள் அட்டை அத்தனையும் எடுத்துட்டு வா" என்றேன் நான். உலகத்தில் யாரும் தன் தலையில் தானே இவ்வளவு தெளிவான குரலில் மண் அள்ளிப் போட்டிருக்க மாட்டார்கள். அதே டிராயரில்தான், சுப்பையா வராத நாட்களில் வீட்டில் வைத்தால் தொலைந்துவிடும் என்று, என் அட்டையையும் வைத்திருந்தேன்.

ஒவ்வொன்றாகப் படித்தார். முதலில் கொத்தமங்கலத்து ஆச்சி ஒருவர், எவர்சில்வர் அண்டா வாங்கியவர், மூன்று ரூபாய் கூடுதல். அப்புறம் ஒரு வாத்தியார், ஃபேன், நாலு ரூபாய் கூடுதல். நான் எழுதிக்கொண்டே வந்தேன். பத்துப் பன்னிரண்டு அட்டை ஆகியிருக்கும். கை தன்பாட்டுக்கு எழுதியது, மனசு தூணோரம் இருந்தது.

"அடுத்தது. பொருள், ரேடியோ. பேரு, ராஜமாணிக்கம்."

ராஜமாணிக்கம் என்று எழுதி முடித்து, அடியில் கோடும் போட்டேன். அப்புறம்தான் அது என் பெயர் என்று உறைத்தது.

அவர் மேலே படித்துக்கொண்டே போனார். பதின்மூன்று மாசத் தவணை, பதின்மூன்றிலும் அபராதம். அந்த ஊரில் அதுவரை யாரும் கட்டாத அளவு அபராதம். கடைசி வரியில் விலாசத்தைப் படித்தபோது குரல் மெதுவானது. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"என்னய்யா, இது நீயா?"

"ஆமாங்க சார்."

"கவர்மெண்ட் உத்தியோகத்துல இருக்கிறவன் ஓயாம கடன்காரனா இருக்கக் கூடாதுன்னு நடத்தை விதி இருக்கு. தெரியுமா, தெரியாதா? உன் புரொபேஷன் ஃபைல் என் மேசையிலதான் இருக்கு."

தெரியும். அந்த விதியை அழகான கையெழுத்தில் நானே பத்துப் பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குள் செட்டியார் பேரேட்டைப் புரட்டி முடித்திருந்தார். "ஐயா, ஒரு நிமிசம்" என்றார். "இவுக கணக்குல பாக்கி எதுவும் கெடையாது. முதல் மாசம் மட்டும் ரெண்டு ரூவா அவராதம் இருக்கு. அதுக்கப்புறம் எல்லாத் தவணையும் அஞ்சாந்தேதியே டாண்ணு வந்திருக்கு."

ஹாலில் சலசலப்பு. டெபுடி தாசில்தார் அட்டையைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார், அட்டையில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அப்புறம் தூணைப் பார்த்தார்.

"இங்க வா. வசூல்காரன் நீதானே? கடைக்குப் போகாத அபராதம் எங்க போச்சு? கவர்மெண்ட் ஆள்கிட்டயே கை வெச்சிருக்கியே. போலீசுக்கு எழுதவா?"

சுப்பையா முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

எனக்கு அந்த நிமிஷம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பேசாமல் இருந்தால் என் வேலை பிழைக்கும். ஏமாந்தவன் என்று பெயர் வரும், புரொபேஷன் தப்பும். ஆனால் என் கதவைத் தட்டிய ஒரே மனுஷன் ஜெயிலுக்குப் போவார். பேசினால் ஊர் சிரிக்கும். நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. பேசியதுகூட தைரியத்தால் இல்லை, பயத்தால்தான். அவர் இல்லாத சாயங்காலங்களை நினைத்துத்தான் பயந்தேன்.

"சார், அவர் என்னை ஏமாத்தல. என்கிட்ட பணம் இருந்துச்சு. தபாலாபீஸ் பாஸ்புக் வேணும்னாலும் காட்டுறேன். நான் வேணும்னுதான் லேட்டாக் கட்டினேன்."

"வேணும்னா? எதுக்கு?"

"கட்டிட்டா அவர் வரமாட்டாரு சார்."

அவருக்குப் புரியவில்லை. "எங்க வரமாட்டாரு?"

"எங்க வீட்டுக்கு. வேற யாரும் வரதில்ல சார்."

ஹாலில் முதலில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அறுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். என் காது இரண்டும் பழுத்துப்போன மாதிரி எரிந்தது.

டெபுடி தாசில்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு சுப்பையா பக்கம் திரும்பினார். "சரி, நீ சொல்லு. அஞ்சாந்தேதி யாரு கட்டுனது?"

"நாந்தேன் கட்டுனேன் ஐயா" என்றார் சுப்பையா தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டாவது மாசம் இவுக கெடுவுக்கு வரல. மறுபடி மறுபடி தவறுனா மொதலாளி ரேடியோவத் தூக்கிட்டு வரச் சொல்லிருவாக. தூக்கிட்டா எனக்கு அங்குட்டு என்ன சோலி? அதான் கையில இருந்து கட்டிட்டு, பொறவு வாங்கிக்கிருவேன்."

"அப்ப உன்னை யாரும் அனுப்பலையா?"

"யாரும் அனுப்பல. நானாத்தேன் போனேன்."

செட்டியார் தலையை ஆட்டினார். "நல்லாக் கட்டுற வீட்டுக்கு நான் எதுக்குய்யா ஆள் அனுப்பப் போறேன்" என்றார்.

பன்னிரண்டு மாதம். மாதத்துக்கு மூன்று சாயங்காலம். யாரும் அனுப்பாமல் வந்திருக்கிறார். நான் பதிவேட்டில் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்தேன். கண்ணில் தண்ணீர் வந்து மை கலைந்தது. அந்தப் பக்கம் இன்றைக்கும் ஏதாவது ஆவணக் காப்பறையில் நீலக் குட்டையாக இருக்கும்.

"அபராதப் பணம்?" டெபுடி தாசில்தார் விடவில்லை.

"அது ரெண்டு பேரும் தின்னுட்டோம் ஐயா. பக்கோடா, சீயம், ஒருநாளு அல்வா. அட்டையில எழுதாம வெறுங்கையோட போனா, எதுக்கு வந்தேன்னு இவுகளுக்குச் சந்தேகம் வந்துருமேன்னு எழுதுனேன்."

அப்போதுதான் எவர்சில்வர் அண்டா ஆச்சி முன்னால் வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "எங்கிட்டயும் மூணு ரூவா அவராதம் வாங்குனியேப்பா, எனக்கு ஒரு நாளாச்சும் ஒரு சீயம் கொண்டாந்து குடுத்தியா?"

அவ்வளவுதான், ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. செட்டியார் சிரித்தார். அழகர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டெபுடி தாசில்தார் பேரேட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், பேரேடு குலுங்கியது. சுப்பையாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

சிரித்து முடித்ததும் சட்டம் தன் வேலையைச் செய்தது. அபராதமாக வாங்கியது எதுவானாலும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவில் இருந்தது. தின்றுவிட்டால் தள்ளுபடி என்று அதில் எழுதவில்லை. சுப்பையா எனக்கு முழுத் தொகையையும் ஒரு வாரத்தில் திருப்பித் தரவேண்டும், நான் ரசீது எழுதிக் கொடுக்கவேண்டும். எனக்கு ஒரு எச்சரிக்கை மெமோ. ("தனிமை என்பது கெடு தவறுவதற்கு உரிய காரணமாகாது" என்று டெபுடி தாசில்தார் சொல்லச் சொல்ல, என் மேல் எழுதப்பட்ட மெமோவை நானே எழுதினேன். கையெழுத்து நன்றாக இருந்தால் வரும் வினை.) புரொபேஷனை அவர் ஆறு மாதம் தள்ளிவைத்ததோடு விட்டுவிட்டார். நல்ல மனுஷர். செட்டியாரும் கெட்டவர் இல்லை. ஆனால் கடை அட்டையில் கடைக்கு வராத பணத்தை எழுதியவரை அவர் எப்படி வைத்துக்கொள்வார்? வீட்டு வசூலும் நின்றுபோயிற்று. சுப்பையாவுக்கு வேலை போய்விட்டது.

அடுத்த புதன்கிழமை கதவு தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தேன். சுப்பையா பணத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

"வேண்டாம்ணே. பாதி நானும்தானே தின்னேன்."

"ரசீதக் கொண்டாந்து காட்டச் சொல்லியிருக்காக சார். வாங்கிக்கங்க." நான் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அது மட்டும் நன்றாகவே வரவில்லை.

"உங்க பொழப்பு என்னண்ணே ஆகும்? என்னாலதானே இவ்வளவும்" என்றேன்.

"அட நீங்க ஒண்ணு சார்" என்றார். அவர் முகம் அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. "அவராதம் போடுற வேலை போச்சுன்னு நாட்டரசன்கோட்டைக்குச் சேதி போயிருச்சு. மாமனாரே ஆள் அனுப்பிட்டாக. இங்குட்டே வந்துருங்க மாப்ளே, வயல் இருக்கு, பாப்போம்னு. வீட்டுலயும் கோவம் தணிஞ்சுருச்சாம். சாயந்தர வண்டிக்குப் போறேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே சந்தோஷம்தான்.

"அஞ்சு நிமிசம் உக்காருங்கண்ணே" என்றேன்.

"வண்டி போயிரும் சார். ஒருநாளு நீங்க அங்குட்டு வாங்க. கட்டாயம் வரணும்." சைக்கிளை எடுத்தார். தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

நாட்டரசன்கோட்டை ஒன்றும் நிலாவில் இல்லை. பஸ் இருக்கிறது. இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். போய் என்ன சொல்வது? எதற்கு வந்தேன் என்று சொல்வது? அவருக்காவது என் வீட்டுக்கு வர ஓர் அட்டை இருந்தது. காரணம் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை.

கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, பென்ஷனும் வந்துவிட்டது. கதையை என் மனைவிக்கு அழகர்தான் போட்டுக் கொடுத்தான், கல்யாணத்துக்கு வந்த இடத்திலேயே. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி யாரும் நிம்மதியாக எழுந்து போனதில்லை. "இருங்க, இல்லேன்னா இவர் அபராதம் கட்டியாவது உங்களை வர வெச்சிருவார்" என்று அவள் ஆரம்பிப்பாள், கதை முழுவதும் ஓடும்.

போன வருஷம் சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் கிரெடிட் கார்டு பணத்தை நாள் தவறிக் கட்டியதற்குக் கன்னாபின்னாவென்று அபராதம் போட்டிருந்தார்களாம். அரசாங்கம் இதையெல்லாம் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவர வேண்டாமா என்று குதித்துக்கொண்டிருந்தான். நீங்க ரெவின்யூல இருந்தவர்தானே, ஒரு புகார் எழுதித் தாங்கப்பா என்றான். எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்துவிட்டுக் கேட்டேன்.

"இந்தப் பணத்தை வாங்க வீட்டுக்கு யாருப்பா வருவாங்க?"

"வீட்டுக்கெல்லாம் யாரும் வரமாட்டாங்கப்பா. மெசேஜ்தான் வரும்."

"அப்புறம் எதுக்கு நீ லேட்டாக் கட்டுனே?"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னான், அவளும் சிரித்தாள். அப்புறம் போனில் அவன் அக்காவுக்கு, மாமாவுக்கு, எல்லோருக்கும். இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதுதான் பேச்சு, பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் இதைக் கேட்டே சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.